நெல்லுக்கு ஐந்து, தண்ணீருக்கு ஆறு

1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், பாடசாலை விடுமுறையின் இரண்டாவது வாரம். செங்கலடியிலிருந்து மேற்கே மாட்டு வண்டியில் அரை நாள் போனால் வரும் ஒரு வட்டையில் இது நடந்தது. வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே வாய்க்காலை நம்பிக் கிடக்கும் வயல்வெளி. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். மற்றபடி மணியும் அளவும் அன்றன்றைக்கே நான் எழுதி வைத்தவை.

அப்போது நான் மட்டக்களப்புப் பட்டணத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மழை எத்தனை அங்குலம் பெய்தது, வாவியின் தண்ணீர் எந்தத் திகதியில் உப்புக் கரிக்கத் தொடங்கியது, முகத்துவாரம் எப்போது வெட்டப்பட்டது என்று எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும் பழக்கம் எனக்கு. பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் வாங்கிய பொறியியலாளர் கைநூல் ஒன்றும் என்னிடம் இருந்தது. மற்றவர்கள் கதைப் புத்தகம் வாசிப்பதைப் போல அதிலுள்ள நீரோட்ட அட்டவணைகளை வாசிப்பேன். ஒரே ஓட்டத்தை நிமிடத்துக்கு இத்தனை கலன் என்று சொல்லலாம், வினாடிக்கு இத்தனை கன அடி என்று சொல்லலாம், நாளொன்றுக்கு இத்தனை ஏக்கரில் இத்தனை அங்குலம் என்றும் சொல்லலாம். எழுத்தில் எல்லாம் வேறு, ஓடுவது ஒரே தண்ணீர். இது எனக்கு அலுக்காத ஆச்சரியம். அதிலும் ஒன்று மிகப் பிடிக்கும்: வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு மணி நேரம் தண்ணீர் ஓடினால், ஒரு ஏக்கர் வயலில் ஏறக்குறைய ஒரு அங்குலம் நிற்கும். யாரோ வேண்டுமென்றே பொருத்தி வைத்ததைப் போல அது அவ்வளவு அழகாக வரும்.

அந்த விடுமுறையில் என் சகலன், அதாவது மனைவியின் அக்காவின் கணவர், மலேரியாக் காய்ச்சலோடு பட்டணத்து ஆசுப்பத்திரியில் படுத்துவிட்டார். கோடையில் விதைக்கும் சிறுபோக வேளாண்மை எட்டு ஏக்கர், குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் உள்ளே திரண்டு வெளியே வரக் காத்திருக்கிற நேரம் அது. குளத்திலோ தண்ணீர், அதை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் துருசுக்குக் கீழே போய்விட்டது. அவர் மனைவி, எனக்கு மச்சாள், தனியாக நின்று சமாளிக்கிறாள் என்று கேள்விப்பட்டு, கைநூலையும் எடுத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தேன். வண்டியை விட்டு இறங்கும்போதே அவள் பார்வை என் கையிலிருந்த புத்தகத்துக்குப் போனது.

"மச்சான், அந்தப் புத்தகத்தில எங்கட வட்டைக்கு எப்ப தண்ணி வருமெண்டு எழுதிக் கிடக்கா?" என்றாள்.

வயலின் கீழ்ப் பக்கம் ஓடும் ஆற்றில் ஒரு மடு இருந்தது. கோடையிலும் வற்றாத ஆழம். அதிலிருந்து தண்ணீரை ஏற்றிவிட்டால் பயிர் பிழைக்கும். ஏறாவூரில் நாங்கள் காக்கா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் பெரியவரிடம் எண்ணெயில் ஓடும் சிறிய எஞ்சினும் பம்பும் இருந்தன. தன் தென்னங்கன்றுகளுக்கு என்று வாங்கியவர். மச்சாள் ஆள் அனுப்பிக் கேட்டதும், ஐந்து நாளைக்குத் தருகிறேன், ஆறாம் நாள் என் கன்றுகளுக்கு வேண்டும் என்று சொல்லி, தானே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எஞ்சினை வேறு ஒருவர் கையில் விட அவருக்கு மனமில்லை.

அடுத்த வயல்காரருக்கு இருந்தது ஒன்றரை ஏக்கர்தான். அவ்வளவும் அதே குடலைப் பருவத்தில் நின்றது. வேறு காணி அவருக்குக் கிடையாது. அவர் நான்கு ஆட்களைப் பேசி, ஆற்றிலிருந்து கூடை கட்டி இறைப்பதாக இருந்தார். எஞ்சின் வந்திறங்கியதைப் பார்க்க வந்தவர், சற்றுத் தள்ளி நின்றே பார்த்தார். அவர் கேட்காமல் நிற்பதை மச்சாள் கவனித்தாள். என் பக்கம் திரும்பி, இந்த எஞ்சின் ஐந்து நாளில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் விடும் என்று கணக்குப் பார்த்துச் சொல்லச் சொன்னாள். எட்டுக்கு மேலே வந்தால் அண்ணனுக்கும் விடலாம் என்றாள். அவரை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

எத்தனை வருடமாக நான் காத்திருந்த கேள்வி அது.

பம்பின் மேலிருந்த தகட்டில் எழுத்தெல்லாம் துருப்பிடித்து அழிந்திருந்தது. ஓட்டத்தை அளந்துதான் பார்க்க வேண்டும். வழி சுலபம். ஒரு பீப்பாயைப் பம்பின் வாயில் வைத்து, எத்தனை வினாடியில் நிரம்புகிறது என்று பார்க்க வேண்டும். வினாடி முள் உள்ள கடிகாரம் என்னிடம் இருந்தது. காக்கா கொண்டுவந்த தார்ப் பீப்பாயும் இருந்தது. அது எத்தனை கலன் பிடிக்கும் என்பது மட்டும்தான் தெரிய வேண்டும்.

"பத்துத் தகரம் புடிக்கும் மாஸ்டர்" என்றார் காக்கா. அவர் சொன்னது நான்கு கலன் மண்ணெண்ணெய்த் தகரம். அது வண்டியிலேயே கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, அடியும் உள்ளே வாங்கியிருந்தது. இப்படிப்பட்ட தகரத்தை வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது என்று அவருக்கு விளக்கிச் சொன்னேன். கொஞ்சம் நீளமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் தலையாட்டிவிட்டு எஞ்சினைத் துடைக்கப் போய்விட்டார்.

மச்சாள் வீட்டில் நெல் அளக்கும் மரைக்கால் எனக்கு நம்பிக்கையானது. முதிரைக் கட்டையில் குடைந்து பித்தளைப் பூண் போட்டது. ஒரு சொட்டும் கசியாது. அதன் அளவும் எனக்குத் தெரியும். முந்திய அறுவடையில் களத்தில் நானே நின்று எண்ணியிருக்கிறேன். அந்த மரைக்காலால் ஐந்து முறை நெல் போட்டால் அரசாங்க முத்திரை குத்திய புசல் பெட்டி ஒன்று சரியாக நிரம்பும். ஒரு புசல் எட்டுக் கலன். ஆகவே ஐந்து மரைக்கால் எட்டுக் கலன்.

மரைக்காலால் ஆற்றுத் தண்ணீரை அள்ளி, சிந்தாமல் பீப்பாயில் ஊற்றினேன். முப்பது மரைக்காலில் விளிம்பு தொட்டது. முப்பது மரைக்கால் என்றால் நாற்பத்தெட்டுக் கலன். காக்காவின் கணக்கில் நாற்பது. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். நசுங்கிய தகரத்தை நம்பியிருந்தால் எட்டுக் கலன் பிழையாகியிருக்கும் என்று அன்று எழுதியும் வைத்தேன்.

எஞ்சினை ஓட விட்டார்கள். பீப்பாய் இருபத்துநான்கு வினாடியில் நிரம்பியது. மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் அதேதான். நிமிடத்துக்கு நூற்றிருபது கலன். வினாடிக்கு ஒரு கன அடி என்பது நிமிடத்துக்கு முந்நூற்றெழுபத்துநான்கு கலன். ஆகவே இந்தப் பம்பு தருவது ஒரு கன அடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு வரை பன்னிரண்டு மணி நேரம். வாய்க்கால் குடிப்பதையும் சேர்த்து ஏக்கருக்கு இரண்டு அங்குலம். ஐந்து நாளில் ஒன்பதரை ஏக்கர் நனையும்.

எட்டும் ஒன்றரையும் ஒன்பதரை. அளந்து வைத்தது போல வந்த அந்த விடையைக் கண்டு எனக்குத் தலைகால் தெரியவில்லை. இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, மச்சாளிடமும் பக்கத்து வயல்காரரிடமும் சேர்த்தே சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, நிச்சயம்தானா என்று கேட்டார். நிச்சயம் என்றேன். அன்று பின்னேரமே அவர் தன் நான்கு ஆட்களையும் போகச் சொல்லிவிட்டார். அவர்கள் வேறு வட்டைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்.

மேட்டில் இருந்த மச்சாளின் வயலில் தொடங்கினோம். அவருடைய துண்டு கடைசி நாளுக்கு என்று பேச்சு.

முதல் நாள் மாலை அளந்து பார்த்தேன். ஏறக்குறைய இரண்டு ஏக்கர் முடிந்திருக்க வேண்டும். ஒன்றரையைச் சற்றுத் தாண்டித்தான் இருந்தது. காய்ந்த வாய்க்கால் முதல் நாளில் கூடக் குடித்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானமும் அதே வேகம்தான். இப்போது எனக்குள் ஒரு அரிப்புத் தொடங்கிவிட்டது. கவலை என்பதைவிட, இது எப்படி ஆகும் என்கிற அரிப்பு. பம்பில் பிழையா? பீப்பாயை மறுபடியும் வைத்துப் பார்த்தேன். அதே இருபத்துநான்கு வினாடி. எஞ்சின் களைக்கிறதா? ஒரு நிமிடத்துக்கு எத்தனை தரம் அடிக்கிறது என்று எண்ணினேன். காலையில் எண்ணியதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. காக்கா, நான் எஞ்சினின் நாடி பிடித்துப் பார்ப்பதாகச் சொல்லிச் சிரித்தார். வரம்பு வரம்பாக நடந்து நண்டு வளைகளைத் தேடினேன். சேற்றில் குந்தி, வாய்க்கால் கரையில் எலி வளை இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தேன். இரண்டொன்று இருந்தன, அடைத்தேன். அவற்றால் போகிற தண்ணீர் ஒரு பாத்திக்கும் காணாது.

அப்போது எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். பக்கத்து வயல்காரர் வாய்க்காலில் எங்காவது ஒரு வக்கடையைத் திறந்து, தன் பக்கம் தண்ணீரை முன்னதாகவே வாங்கிக்கொள்கிறாரோ என்று நினைத்தேன். ஒருவருக்கும் சொல்லாமல் அவருடைய வயலுக்கு நடந்து போனேன். அங்கே ஈரத்தின் அடையாளமே இல்லை. மண் பாளம் பாளமாகப் பிளந்திருந்தது. ஒரு வெடிப்பில் என் சுண்டுவிரல் முழுதும் போனது. பயிரின் நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. அவர் வரம்பில் உட்கார்ந்து புல் செதுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, நம்ம முறை நாளைக்கு மறுநாளா, அதற்கடுத்த நாளா மாஸ்டர் என்று கேட்டார். நான் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அன்று மாலை எஞ்சின் நின்ற பிறகு, மச்சாள் வயல் குடிலான வாடியின் முன்னால் அடுத்த நாள் சாப்பாட்டுக்காகக் குத்துவதற்கு நெல் அளந்துகொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து கணக்கை நான்காவது முறையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் சாக்கிலிருந்து மரைக்காலை நிரப்பி, இரண்டு கையாலும் மேலே அள்ளிக் கூம்பாகக் குவித்து, பக்கத்தில் ஒரு மணி உருண்டு விழும்வரை பொறுத்து, அதற்குப் பிறகுதான் சுளகில் கொட்டினாள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் அளப்பார்கள். மரைக்காலின் தலையை வழித்துவிட்டால் அளந்ததாகவே எண்ண மாட்டார்கள். களத்திலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான். சிறு வயதிலிருந்து ஆயிரம் முறை பார்த்ததுதான்.

பென்சிலை வைத்துவிட்டு அந்தக் கூம்பையே பார்த்தேன்.

மச்சாளிடம் மரைக்காலை வாங்கி, அவளைப் போலவே நெல்லைக் குவித்து நிரப்பி, தலையை ஒரு குச்சியால் வழித்துவிட்டேன். வழித்து விழுந்த நெல்லைத் தனியே ஒரு பெட்டியில் சேர்த்தேன். இப்படி ஐந்து முறை. பிறகு அந்தப் பெட்டியிலிருந்ததை மரைக்காலில் கொட்டினேன். விளிம்போடு விளிம்பாக, சரியாக ஒரு மரைக்கால் இருந்தது.

"என்ன மச்சான், பசிக்குதெண்டா சொல்லுங்க, நெல்லோட விளையாடாதங்க" என்றாள் அவள்.

நான் சிரிக்கவில்லை. தண்ணீரை அளந்தபோது இதே மரைக்காலால்தான் அளந்தேன் என்றும், தண்ணீர் விளிம்போடு நின்றுவிடும், அதைக் குவிக்க முடியாது என்றும் சொன்னேன். நெல்லென்றால் ஐந்து மரைக்கால் ஒரு புசல், தண்ணீரென்றால் ஆறு. பீப்பாயில் நான் ஊற்றியது நாற்பத்தெட்டுக் கலன் இல்லை, நாற்பது. பம்பு தருவது நிமிடத்துக்கு நூற்றிருபது இல்லை, நூறு. எலியும் குடிக்கவில்லை, நண்டும் குடிக்கவில்லை. காணாமல் போன தண்ணீர் முதலிலிருந்தே இல்லாத தண்ணீர்.

உண்மையைச் சொன்னால், அந்தக் கணத்தில் எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. இரண்டு நாள் குடைந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, எல்லா இலக்கமும் பொருந்திவிட்டது. அந்த மகிழ்ச்சி மச்சாள் வாயைத் திறக்கும் வரைதான் இருந்தது.

"அப்ப ஐந்து நாளைக்கு எத்தின ஏக்கர்?"

"எட்டு" என்றேன்.

அவள் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள். "அண்ணன்ட ஒண்டரை ஏக்கர் எங்க, மச்சான்?"

அவளுடைய எட்டு ஏக்கருக்கு இது சரியாகப் போதும் என்பது மனதுக்குள் வந்தது. அதைச் சொல்லியும்விட்டேன். நிச்சயம் என்று சொன்னது நான்தான், அவரிடம் போய்ப் பிழை என்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன்.

"மன்னிப்ப ஊத்தினா கதிர் வருமா?" என்றாள். சத்தம் போடாமல்தான் கேட்டாள். "அந்த மனிசன் ஆக்கள அனுப்பினது உங்கட கணக்கக் கேட்டு இல்ல. நான் விடுறன் எண்டு சொன்னதக் கேட்டு. மறுகா கணக்குப் போடுங்க. ஒம்பதரைக்கும் காணுற மாதிரிப் போடுங்க."

வெளிச்சம் மங்குவதற்குள் போட்டு முடித்தேன். அதுவரை மூன்று ஏக்கரும் கொஞ்சமும் இரண்டு அங்குலம் குடித்திருந்தன. மீதி அவருடையதையும் சேர்த்து ஆறேகால் ஏக்கருக்குச் சற்று அதிகம். மூன்று நாள் ஓட்டத்தை அதன்மேல் பரப்பினால் ஒன்றரை அங்குலம் வரும். இரண்டுக்குப் பதில் ஒன்றரை. கணக்கு அவ்வளவுதான். ஒன்றரை அங்குலத்தில் கதிர் வருமா என்பது என் கைநூலின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

மறுநாள் விடியும்போது நானும் மச்சாளும் அவருடைய வயலுக்குப் போனோம். காக்காவும் கூட வந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். நெல் அளக்கிற கணக்கால் தண்ணீரை அளந்துவிட்டேன் என்றேன். காக்கா தாடியைத் தடவிக்கொண்டு, "நான் அண்டைக்கே பத்துத் தகரம் எண்டு சொன்னனே மாஸ்டர். நசுங்கினது தகரம்தான், என்ட கண் இல்லயே" என்றார். அதில் குத்தல் இருந்தது, கோபம் இல்லை. வாங்கிக்கொண்டேன்.

நான் அஞ்சி வந்தது பக்கத்து வயல்காரரின் முகத்தைப் பார்க்கத்தான். அவர் பிளந்த மண்ணைக் காலால் மெல்லத் தட்டிக்கொண்டு நின்றார். "ஒண்டரை அங்குலத்தில கதிர் வெளிய வருமா, மாஸ்டர்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். அந்த ஐந்து நாளில் அவருக்கு நான் சொன்ன முதல் சரியான விடை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மச்சாள்தான் பதில் சொன்னாள். "வரும் அண்ணே. மேட்டுப் பாத்தியில கொஞ்சம் மணி புடிக்காமச் சப்பி விழும். பள்ளத்தில வரும். இண்டைக்கு உங்கட வயலுக்குத்தான் முதல் விடுறது. இனியும் பிந்தினா எத்தின அங்குலம் விட்டும் காரியமில்ல."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எஞ்சினைக் கேட்டு வாங்கியது தங்கச்சி, தங்கச்சியின் வயல் முடியட்டும் என்றார். இவள் முடியாது என்றாள். அவர் மறுபடியும் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். காக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ரெண்டு பேரும் மரியாத பாத்துக்கிட்டு நில்லுங்க. வெயில் ஏறிக்கிட்டு இரிக்கி" என்று சொல்லிவிட்டு, எஞ்சினை முடுக்கி, வாய்க்காலைத் தானே அவருடைய பக்கம் திருப்பிவிட்டார். தண்ணீர் வெடிப்புகளுக்குள் இறங்கும்போது சளசளவென்று ஒரு சத்தம் வந்தது. நாங்கள் நான்கு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

அந்த மூன்று நாளும் நான் ஒரு குச்சியில் ஒன்றரை அங்குலத்துக்குக் கோடு கீறிக்கொண்டு பாத்தி பாத்தியாக நடந்தேன். கோட்டைத் தொட்டதும் வக்கடையை அடைப்பார்கள். ஒரு பாத்தியிலும் யாரும் இன்னும் கொஞ்சம் என்று கேட்கவில்லை. ஐந்தாம் நாள் மாலை ஆறுக்குக் கால் மணி இருக்கும்போது கடைசிப் பாத்தி முடிந்தது. ஆறாம் நாள் காலை காக்கா எஞ்சினை ஏற்றிக்கொண்டு போனார். அந்த நசுங்கிய தகரத்தை நானே தூக்கி வண்டியில் வைத்தேன்.

செப்டெம்பர் கடைசியில் அறுத்த கதிரைக் களத்தில் சூடு மிதிக்கும்போது மறுபடியும் போனேன். சகலன் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். பக்கத்து வயல்காரருக்கு வழக்கத்தைவிடக் குறைவுதான், ஆனால் வீட்டுக்கும் விதைக்கும் போதுமாக இருந்தது. மச்சாளுக்கு முதல் மூன்று ஏக்கர் நன்றாக வந்திருந்தது. மற்றதில், அவள் சொன்னபடியே, மேட்டுப் பாத்திகளில் சப்பி விழுந்திருந்தது. தூற்றியபோது காற்றில் ஒதுங்கிய சப்பி ஒரு சிறு குவியலாகச் சேர்ந்தது. மச்சாள் அதைக் காலால் காட்டி, "இது உங்கட பங்கு மச்சான், அளந்து கொண்டுபோங்க" என்றாள். களத்தில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சப்பி அவளுடைய நெல்லாக இருந்திருக்க வேண்டியது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் அதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சொல்லும் பேசியதில்லை.

நான் பின்னாளில் பல வகுப்புகளுக்கு அளவைகள் பாடம் எடுத்திருக்கிறேன். கலனைக் கன அடியாக்குவதிலோ, வினாடியை நாளாக்குவதிலோ நான் அன்று ஒரு இலக்கமும் பிழைவிடவில்லை. பெருக்கலும் வகுத்தலும் இன்று பார்த்தாலும் சரியாகவே இருக்கின்றன. பிழை அவற்றுக்கெல்லாம் முன்னால், மரைக்காலின் விளிம்புக்கு மேலே இருந்தது. இப்போது ஒருவர் என்னிடம் ஒரு கணக்கைக் கொடுத்து, சரியா என்று பார்க்கச் சொன்னால், கூட்டலையும் பெருக்கலையும் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில், இதை எதைக் கொண்டு அளந்தீர்கள், இந்த விடையை நம்பி யார் தன் ஆட்களை அனுப்பிவிட்டு நிற்கிறார் என்று கேட்கிறேன்.